ஸெல்டா ஃபிட்ஸ்ஜெரால்டிடமிருந்து எடுக்கப்பட்டது எது?

அமெரிக்க நாவலாசிரியர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலுக்கு அந்நாட்டில் இருந்த பதிப்புரிமை 2021 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. அதன்பின் புதிய பதிப்புகளும் தழுவல்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஒரு கூற்றும் பரவுகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவல்களை உண்மையில் எழுதியவர் அவருடைய மனைவி ஸெல்டா என்றும், கணவர் அவற்றைத் திருடித் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார் என்றும் அந்தக் கூற்று சொல்கிறது. இதற்கு நேர்மாறான இன்னொரு கூற்றுக்கு வயது அதிகம். ஸெல்டா மனநிலை பிறழ்ந்தவர், கணவரின் திறமைமேல் பொறாமை கொண்டு அவரைக் குடியில் தள்ளிக் கெடுத்தவர் என்பது அது. எழுத்தாளர் ஹெமிங்வேயின் பாரிஸ் நினைவுக் குறிப்புகள் அவர் இறந்தபின் 1964இல் நூலாக வந்தபோது இந்தச் சித்திரம் உலகெங்கும் நிலைபெற்றது.

இரண்டு கூற்றுகளையும் ஆவணங்கள் ஆதரிக்கவில்லை. தம்பதியரின் கடிதங்கள், ஸ்காட் கைப்பட எழுதிவைத்த வரவுக் கணக்கேடு, பதிப்பாசிரியருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, 1933இல் சுருக்கெழுத்தாளர் பதிவுசெய்த ஓர் உரையாடல் ஆகியவை இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்தால், ஸெல்டாவின் சில வாக்கியங்களும் சில கதைகளின் ஆசிரியர் பெயரும் கணவர் பக்கம் போயின என்பது தெரிகிறது. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பொன்றும் தெரிகிறது: தாம் வாழ்ந்த வாழ்க்கையைத் தாமே எழுதும் சுதந்திரம் அவருக்கு மறுக்கப்பட்டது; அந்த மறுப்புக்குப் பணமும் மருத்துவமும் துணை நின்றன. திருட்டு என்ற ஒற்றைச் சொல்லோடு விவாதத்தை முடித்துக்கொள்பவர்கள் இந்தப் பெரிய இழப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

யார் இந்த ஸெல்டா

ஸெல்டா சேயர் 1900 ஜூலை 24 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் பிறந்தார். தந்தை அந்தோணி சேயர் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. ஊரில் துணிச்சலுக்கும் நடனத்துக்கும் பெயர்பெற்றிருந்த இந்தப் பெண்ணை, அருகிலிருந்த ராணுவ முகாமில் பணியாற்றிய இளம் அதிகாரி ஸ்காட் 1918 ஜூலையில் ஒரு நடன விருந்தில் சந்தித்தார். நிச்சயமான திருமணம், ஸ்காட்டுக்குப் போதிய வருமானம் இல்லை என்பதால் 1919இல் முறிந்தது. ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் அவருடைய முதல் நாவலை ஏற்றுக்கொண்டபின் உறவு மீண்டும் துளிர்த்தது. ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ 1920 மார்ச் 26 அன்று வெளிவந்தது. எட்டு நாட்களில், ஏப்ரல் 3 அன்று, நியூயார்க்கில் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1921 அக்டோபரில் மகள் ஸ்காட்டி பிறந்தாள்.

நாவல் ஒரே ஆண்டில் ஸ்காட்டைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயிற்று. பத்திரிகைகள் இந்தத் தம்பதியைப் புதிய தலைமுறையின் அடையாளமாகக் கொண்டாடின. ஸெல்டா நாவலாசிரியர், சிறுகதையாளர், ஓவியர், பாலே நடனம் பயின்றவர் என்பவையெல்லாம் பின்னால் வந்த செய்திகள். முதலில் அவர் வாசகர்களுக்கு அறிமுகமானது கணவரின் கதாநாயகிகளுக்கு முன்மாதிரியாகத்தான்.

பிரித்துப் பார்க்க வேண்டிய மூன்று

“கணவர் மனைவியின் எழுத்தை எடுத்துக்கொண்டார்” என்று சொல்லும்போது மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

1. வாழ்க்கை நிகழ்வுகள். ஒரு காதல், ஒரு சண்டை, ஒரு நோய் ஆகியவை யாருக்கும் பதிப்புரிமைச் சொத்தாவதில்லை. இருவர் சேர்ந்து வாழ்ந்ததை இருவருமே எழுதலாம். ஒருவர் எழுதியதால் மற்றவரின் உரிமை போய்விடுவதில்லை.

2. எழுதப்பட்ட சொற்கள். நாட்குறிப்பிலும் கடிதத்திலும் உள்ள வாக்கியங்கள் எழுதியவருக்கே உரியவை. கடிதத் தாள் பெற்றவரின் உடைமை, அதிலுள்ள சொற்களின் உரிமை எழுதியவருடையது என்ற கோட்பாட்டை 1741இல் இங்கிலாந்திலும், ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் தொடர்பான வழக்கில் 1841இல் அமெரிக்காவிலும் நீதிமன்றங்கள் ஏற்றன. ஃபிட்ஸ்ஜெரால்டு தம்பதியின் காலத்தில் இது புதிய கருத்தன்று.

3. ஆசிரியர் பெயர். கதையின் மேல் யார் பெயர் அச்சாகிறது என்பது வாசகருக்குச் சொல்லப்படும் உண்மை பற்றியது. வேறொருவர் பெயரை இட ஆசிரியர் தாமாகவே சம்மதித்திருந்தாலும் வாசகர் பெறுவது பொய்த் தகவல்தான்.

இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது ஒன்றும் உண்டு. நிகழ்வுகள் பொதுவானவை என்று ஏற்றுக்கொண்ட பிறகும், இருவரில் ஒருவர் மட்டும் “இதை நீ எழுதக்கூடாது” என்று தடை விதிக்கும் நிலை அது. எந்தச் சட்டமும் அத்தகைய தடைக்கு இடம் தரவில்லை. ஆயினும் அது நடந்தது. எப்படி நடந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கடிதங்களும் நாட்குறிப்பும் நாவலுக்குள் போன விதம்

1919 வசந்தத்தில் ஸெல்டா, மான்ட்கமரி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்த அனுபவத்தை ஸ்காட்டுக்கு எழுதினார். உள்நாட்டுப் போரில் இறந்த தென்மாநில வீரர்களின் கல்லறைகள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்து அவருக்குத் தோன்றிய எண்ணங்கள், சிறு மாற்றங்களோடு, ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ நாவலின் இறுதிப் பகுதியில் கதாநாயகனின் எண்ணங்களாக இடம்பெற்றன. எழுதும்போது ஸெல்டாவுக்கு வயது 18.

அடுத்த நாவலான ‘தி பியூட்டிஃபுல் அண்ட் டேம்ட்’ 1922இல் வந்தபோது, அதற்கு மதிப்புரை எழுதும்படி ‘நியூயார்க் டிரிபியூன்’ ஸெல்டாவையே கேட்டது. ஏப்ரல் 2 அன்று வெளியான அந்த மதிப்புரையில் அவர் மூன்று செய்திகளைச் சொன்னார்: ஒரு பக்கத்தில் தம் பழைய நாட்குறிப்பின் பகுதியைக் கண்டதாகவும், திருமணத்துக்குச் சற்றுப் பின் அந்த நாட்குறிப்பு மர்மமான முறையில் காணாமற்போனதாகவும், நிறையத் திருத்தப்பட்டிருந்தாலும் சில கடிதத் துணுக்குகள் பழகியவையாகத் தோன்றுவதாகவும். அதன்பின், இலக்கியத் திருட்டு வீட்டிலிருந்தே தொடங்குகிறது என்று ஃபிட்ஸ்ஜெரால்டு நம்புகிறார் போலும் என்று எழுதினார். புத்தகம் விற்பதற்கான விளையாட்டுப் பேச்சாகவே அன்று அதைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளையாட்டில் ஸெல்டாவுக்கும் பங்கிருந்தது உண்மைதான். ஆனால் அச்சில் வந்த முதல் பொதுச் சாட்சியம் அதுவே என்பதையும், 22 வயது நிறையாத ஒரு பெண் வேறு எந்தத் தொனியில் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். பத்திரிகையாசிரியர் ஜார்ஜ் ஜீன் நேதன் இதற்கு முன்பே அந்த நாட்குறிப்புகளைப் படித்துவிட்டு, அவற்றைத் தனியாக வெளியிட விரும்பியிருந்தார். தம் கதைகளுக்கும் நாவல்களுக்கும் அவை தேவைப்படுகின்றன என்று சொல்லி ஸ்காட் மறுத்துவிட்டார். எழுத்தாளராக ஸெல்டாவுக்குத் திறந்த முதல் கதவு இப்படி மூடியது. மூடியவர் யார் என்பதில் ஐயமில்லை.

‘கேட்ஸ்பி’யின் நிலை வேறு. பெண் குழந்தை அழகான முட்டாளாக இருக்கட்டும் என்று நாவலின் நாயகி டெய்ஸி சொல்லும் புகழ்பெற்ற வசனம், மகள் பிறந்தபோது மயக்கம் தெளியாத ஸெல்டா சொன்னதாக ஸ்காட் குறித்துவைத்ததிலிருந்து வந்தது. பணமில்லாத இளைஞனுக்குப் பெண் மறுக்கப்படும் கதைக்கரு இருவரின் முறிந்த நிச்சயதார்த்தத்தை நினைவூட்டுகிறது. 1924 இறுதியில் நாவலைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கேட்ஸ்பியின் தோற்றம் தம் மனக்கண்ணில் தெளிவாகவில்லை என்று உணர்ந்த ஸ்காட், விரல்கள் வலிக்கும்வரை ஸெல்டாவைப் படம் வரையச் சொன்னதாகவும், அதன்பின் அந்தப் பாத்திரத்தைத் தம் குழந்தையைவிட நன்றாக அறிந்துகொண்டதாகவும் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதினார். இவையெல்லாம் நன்றியோடு குறிப்பிடப்பட வேண்டிய பங்களிப்புகள். ஆனால் அந்த நாவலின் உரைநடையும் கட்டமைப்பும் ஸ்காட்டுடையவை; அச்சுப்படிகளில் அவர் செய்த விரிவான திருத்தங்களே அதற்குச் சாட்சி. ஸெல்டா ‘கேட்ஸ்பி’யை எழுதினார் என்று சொல்வது தவறு. அதோடு, உண்மையில் ஸெல்டா எழுதியவற்றின்மேல் விழ வேண்டிய கவனத்தையும் அது சிதறடிக்கிறது.

அச்சில் வந்த பெயர்

1920களில் ஸெல்டா சிறுகதைகளும் கட்டுரைகளும் எழுதினார். 1925இல் ‘சிகாகோ சண்டே டிரிபியூன்’ வெளியிட்ட ‘அவர் ஓன் மூவி குவீன்’ கதையில் மூன்றில் இரண்டு பங்கு அவர் எழுதியது. அச்சானது ஸ்காட்டின் பெயரில். 1929 முதல் ‘காலேஜ் ஹியூமர்’ இதழில் பெண்களின் வாழ்க்கையை மையமாகக் கொண்டு அவர் எழுதிய கதைகள் இருவர் பெயரிலும் வந்தன. அதே வரிசையைச் சேர்ந்த ‘எ மில்லியனர்ஸ் கேர்ள்’ 1930 மே மாதம் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் ஸ்காட் பெயரில் மட்டும் வந்தது. கிடைத்த தொகை 4,000 டாலர்.

காரணம் எளிது, கொடுமையானதும்கூட. அந்த 4,000 டாலர் ஸ்காட்டின் பெயருக்குரிய விலை. அதே கதையில் ஸெல்டாவின் பெயர் இருந்திருந்தால் அதன் சிறுபகுதிதான் கிடைத்திருக்கும். குடும்பம் எப்போதும் கடனில் இருந்தது, இருவருமே செலவாளிகள். எனவே இந்த ஏற்பாட்டை ஸெல்டாவும் ஏற்றுக்கொண்டார். வியப்பான ஒரு விவரம்: ஸ்காட் தம் கணக்கேட்டில் ஸெல்டாவின் வருமானத்துக்கென்று தனிப் பகுதியே வைத்திருந்தார். உலகத்தின்முன் மறைக்கப்பட்டது வீட்டுக் கணக்கில் மறைக்கப்படவில்லை. மோசடி நோக்கம் இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் விளைவு மாறவில்லை: எழுதிப் பழகிய பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஸெல்டாவுக்கென்று பதிப்பகங்களிடம் ஒரு மதிப்போ வாசகர்களிடம் ஒரு பெயரோ உருவாகவில்லை. சம்பளம் கிடைத்தது, அனுபவச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்ற நிலை அது.

தமக்கு மட்டுமே உரிய ஒரு துறை வேண்டுமென்று அவர் 27 வயதில் பாலே நடனத்துக்குத் திரும்பியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். பாரிஸில் ரஷ்ய ஆசிரியை லுபோவ் எகரோவாவிடம் நாள்தோறும் பல மணிநேரம் உடல் நோகப் பயின்றார். 1929 செப்டம்பரில் நேப்பிள்ஸ் நகரின் சான் கார்லோ நடனக் குழு, ‘ஆய்டா’ இசைநாடகத்தில் தனிநடனம் ஆட அவரை அழைத்தது. அவர் போகவில்லை. அடுத்த ஏப்ரலில் உடலும் மனமும் முறிந்து பாரிஸுக்கு அருகிலிருந்த மால்மேசான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

நோய்க்கு வைத்த பெயர்

1930 ஜூன் முதல் 1931 செப்டம்பர் வரை, பதினைந்து மாதங்கள், சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள பிராங்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ஆஸ்கர் ஃபோரெலின் பொறுப்பில் ஸெல்டா இருந்தார். மனச்சிதைவு நோய் என்று முடிவுசெய்யப்பட்டது. அந்த நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று பெயர் சூட்டிய ஆய்கன் பிளாய்லரே 1930 நவம்பரில் நேரில் வந்து பரிசோதித்தார்.

அந்தக் காலத்தில் அந்தப் பெயரின் எல்லை இன்றுள்ளதைவிட மிக விரிந்திருந்தது. இன்று இருமுனை மனநோய் என்றோ கடும் மனச்சோர்வு என்றோ வகைப்படுத்தப்படும் பலரும் அன்று மனச்சிதைவு நோயாளிகளாகவே பதிவாயினர். ஸெல்டாவுக்கு இருந்தது இருமுனை நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதியதற்கு, நோய் தணிந்த இடைவெளிகளில் அவர் எழுதியவற்றின் தெளிவு முக்கியக் காரணம். இறந்தவரைக் கடிதங்களின் வழியே பரிசோதித்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதே வேளையில், அவர் நோயுற்றிருக்கவே இல்லை, கணவர் அடைத்துவைத்தார் என்ற வாதமும் நிற்காது. உடலெங்கும் பரவிய கடும் தோல் அழற்சி, பிரமைக் குரல்கள், தற்கொலை முயற்சி ஆகியவற்றைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

சிகிச்சையின் நோக்கமும் கவனிக்கத்தக்கது. மனைவி, தாய் என்ற இடங்களில் அவரை மீண்டும் நிலைநிறுத்துவதே குணமடைதல் எனக் கொள்ளப்பட்டது. நடன ஆசை நோயின் பகுதியாகப் பார்க்கப்பட்டது. அவருடைய திறமை உண்மையில் எவ்வளவு என்று கேட்டு எகரோவாவுக்கு எழுதப்பட்டது. நல்ல நடனக் குழுவில் இரண்டாம் நிலைப் பாத்திரங்களைச் சிறப்பாக ஆடக்கூடியவர், ஆனால் மிகத் தாமதமாகத் தொடங்கியதால் முதல்வரிசை நட்சத்திரமாக முடியாது என்ற பொருளில் பதில் வந்தது. ஒரு தொழில்முறை நடனக் கலைஞருக்கு இது மதிக்கத்தக்க சான்றிதழ். கைவிடச் சொல்வதற்கான காரணமாகவே அது பயன்பட்டது. மறுபுறம், ஸ்காட் மதுவை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டபோது அவர் அதற்கு இணங்கவில்லை. பின்னர் பால்டிமோரில் ஸெல்டாவைக் கவனித்த மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், மனைவிக்கு மட்டும் சிகிச்சை தருவதில் பயனில்லை, கணவரும் நோயாளிதான், ஆனால் ஒத்துழைக்காத நோயாளி என்று கருதினார். நோயாளி என்ற பெயர் ஒருவர்மேல் மட்டுமே பதிவானதால், இருவருக்கும் கருத்து வேறுபட்ட இடங்களிலெல்லாம் ஸெல்டாவின் சொல்லுக்கு எடை குறைந்தது.

ஒரு நாவலும் அதன் விலையும்

1932 பிப்ரவரியில் ஸெல்டா ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபிப்ஸ் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே, சில வாரங்களுக்குள், ‘சேவ் மீ தி வால்ட்ஸ்’ நாவலை எழுதி முடித்தார். தென்மாநில நீதிபதியின் மகளான அலபாமா, ஓவியர் டேவிட் நைட்டை மணந்து, ஐரோப்பாவில் தன் வாழ்க்கை கையை விட்டு நழுவுவதை உணர்ந்து, பாலே நடனத்தின் வழியே தன்னை மீட்க முயல்வதுதான் கதை. நிஜ வாழ்க்கையில் மறுத்த நேப்பிள்ஸ் அழைப்பை நாவலின் நாயகி ஏற்கிறாள். காலில் ஏற்பட்ட நச்சுத் தொற்று அவளுடைய நடன வாழ்க்கையை முடித்துவிடுகிறது.

மார்ச் மாதம் கையெழுத்துப் பிரதியை ஸெல்டா நேரடியாகப் பெர்கின்ஸுக்கு அனுப்பினார். கணவரிடம் முதலில் காட்டவில்லை. ஸ்காட் கொதித்துப்போனார். அவர் ஆண்டுக்கணக்காக எழுத முயன்றுகொண்டிருந்த அடுத்த நாவலின் களமும் இதுவே: ரிவியேராக் கடற்கரை, பாரிஸ், சிதையும் ஒரு மணவாழ்க்கை, மனநோய். போதாததற்கு, முதல் வடிவில் கணவர் பாத்திரத்துக்கு ஸெல்டா வைத்திருந்த பெயர் அமோரி பிளெய்ன், அதாவது ஸ்காட்டின் முதல் நாவலுடைய நாயகனின் பெயர். தம்மைக் கேலிப்பொருளாக்கும் செயலாக ஸ்காட் இதைக் கண்டார். அவர் வற்புறுத்தியபடி பெயர் மாறியது. நடுப்பகுதி பெரிதும் திருத்தப்பட்டது. முதல் வடிவம் கிடைக்காததால் எவ்வளவு போயிற்று என்று எவராலும் அளக்க முடியாது.

நாவல் 1932 அக்டோபரில் வெளிவந்தது. மருத்துவமனையில் தம்மைக் கவனித்த டாக்டர் மில்ட்ரெட் ஸ்குவயர்ஸுக்கு ஸெல்டா அதைக் காணிக்கையாக்கினார். அச்சிட்டது 3,010 பிரதிகள், விற்றது 1,392. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பதிப்பகத்திடம் ஸ்காட் பட்டிருந்த கடனில் 5,000 டாலர் தீரும்வரை ராயல்டியில் பாதி அதற்கு வரவு வைக்கப்படும். செலவுகள் கழிந்து ஸெல்டாவுக்குக் கிடைத்தது 120 டாலர் 73 சென்ட். ‘போஸ்ட்’ இதழ் ஒரு கதைக்குத் தந்த 4,000 டாலரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுத்தில் தம் காலில் நிற்கலாம் என்று அவர் கொண்ட எண்ணத்துக்கு நேர்ந்த கதி புரியும்.

1933 மே 28

பால்டிமோருக்கு அருகில் ‘லா பே’ என்ற வாடகை வீட்டில் தம்பதியர் வசித்தபோது, டாக்டர் தாமஸ் ரென்னியின் முன்னிலையில், ஒரு சுருக்கெழுத்தாளரையும் அமர்த்தி, அவர்கள் தங்கள் சச்சரவைப் பேசித் தீர்க்க முயன்றார்கள். அந்தப் பேச்சின் தட்டச்சுப் படி 114 பக்கம். மணவாழ்க்கைச் சண்டையொன்று இவ்வளவு முழுமையாகப் பதிவாகியிருப்பது இலக்கிய வரலாற்றில் அரிது.

ஸ்காட் முன்வைத்த வாதம் படிப்படியாகச் செல்கிறது. தொழில்முறை நாவலாசிரியர் அவர். குடும்பத்தைக் காப்பாற்றுவதும் அவரே. ஆகவே இருவரும் சேர்ந்து வாழ்ந்த அனைத்தும் அவருடைய எழுத்துக்கான பொருள், அதில் ஸெல்டாவுக்கு உரியது எதுவுமில்லை. அவரை மூன்றாம்தர எழுத்தாளர், மூன்றாம்தர நடனக்காரி என்றும் சொல்கிறார். அப்போது ஸெல்டா, நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியை முன்வைத்து மனப்பிறழ்வு பற்றி ஒரு நாவல் எழுதத் திட்டமிட்டிருந்தார். தம் நாவல் வெளிவரும்வரை மனநோயைத் தொடக்கூடாது என்பது ஸ்காட்டின் கோரிக்கை. அதாவது நோயை அனுபவித்தவர் அதைப் பற்றி எழுதக்கூடாது. பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதலாம். ஸெல்டாவின் பதில்களில் பிதற்றல் ஏதுமில்லை. எழுத விரும்புவதாகவும் எழுதப்போவதாகவும் சொல்கிறார்; ஆனால் கணவருக்குக் கேடு வராதபடி, அந்தப் புத்தகம் முடியும்வரை அவர் விரும்பாத எதையும் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்கிறார்; அது தம்மை முற்றாக மறுப்பதற்குச் சமம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

மேலே சொன்ன நான்காவது நிலை இதுதான். இங்கே நீதிமன்றம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. கணவர் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுபவர். மருத்துவர் அவர் அமர்த்தியவர். மனைவி மீண்டும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே அனுப்பப்படக்கூடியவர். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தச் சட்டத்தையும்விட வலிமையான தடை உருவாகிவிடுகிறது. 1934 ஏப்ரலில் ஸ்காட்டின் அந்த நாவல் ‘டெண்டர் இஸ் தி நைட்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதில் மனநோயாளி நிகோல் எழுதும் கடிதங்களுக்குள் பிராங்கின்ஸிலிருந்து ஸெல்டா எழுதிய கடிதங்களின் சொற்கள் கலந்திருந்தன.

ஸ்காட் தரப்பில் சொல்ல வேண்டியவை

இத்தனையையும் சொன்னபின் ஸ்காட்டைக் கொடியவராக நிறுத்தினால் சித்திரம் பிழைபடும். விலையுயர்ந்த மருத்துவமனைகளுக்கான பணத்தை, தாம் மதிக்காத வணிகக் கதைகளை எழுதியும் கடன் வாங்கியும் அவர் ஆண்டுக்கணக்கில் கட்டினார். கோபம் தணிந்தபின் ‘சேவ் மீ தி வால்ட்ஸ்’ நல்ல நாவல் என்று பெர்கின்ஸிடம் பரிந்துரைத்தார். மகள் ஸ்காட்டி பிற்காலத்தில், தாயைக் கணவரால் நசுக்கப்பட்ட மனைவியாகக் காட்டும் போக்கை ஏற்க மறுத்தார். தந்தை தாயின் திறமைகளை மதித்து ஊக்குவித்தார் என்று எழுதினார். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவரின் இந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஊக்குவிப்பும் தடையும் ஒரே மனிதரிடம் இருந்தன. தம் எழுத்துக்குப் போட்டி வராத துறையில் ஊக்குவிப்பு, போட்டி வந்த இடத்தில் தடை என்பதே ஆவணங்களில் தெரியும் கோடு.

போட்டியில்லாத துறை

அத்தகைய துறை ஓவியம். 1934 மார்ச் 29 முதல் ஏப்ரல் 30 வரை நியூயார்க்கில் கேரி ராஸ் தம் கூடத்தில் ஸெல்டாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அப்போது ஓவியர் மருத்துவமனையில் இருந்தார். ‘டைம்’ இதழ் வெளியிட்ட செய்தியின் தலைப்பு ‘ஒரு மனைவியின் படைப்பு’ என்ற பொருளில் அமைந்தது; கலையைப் பற்றிப் பேசுமுன்பே உறவுமுறை பேசப்பட்டது. எழுத்தாளர் டாரதி பார்க்கர் வாங்கியவர்களில் ஒருவர்.

நடனக் கலைஞர்களை வரைந்த ஓவியங்களே இவற்றில் தனித்துவமானவை. மேடையில் மிதப்பவர்களாக அந்தப் பெண்களை அவர் வரையவில்லை. பாதங்கள் வீங்கிப் பெருத்திருக்கும். தொடைத் தசைகள் முறுக்கேறியிருக்கும். முகங்களில் அடையாளம் மங்கியிருக்கும். மணிக்கணக்காகக் கம்பியைப் பிடித்துப் பயின்ற உடலுக்கு மட்டுமே தெரியும் வலி அந்தக் கால்களில் இருக்கிறது. பார்ப்பவரின் இன்பத்துக்காக அல்லாமல், ஆடுபவரின் உழைப்புக்காக பாலேயை வரைந்தவர் என்ற வகையில் அவர் இன்னும் உரிய கவனம் பெறவில்லை என்றே கருதுகிறேன். மகளுக்காகச் செய்யத் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர்ந்த காகிதப் பொம்மைகளிலும், ஆர்தர் மன்னனும் பிரெஞ்சு அரசவையினரும், பெரிய தசைகளோடும் துணிச்சலான வண்ண உடைகளோடும் நிற்கிறார்கள்.

இறுதி ஆண்டுகளும் மீட்பும்

1936இல் வடகரோலினாவின் ஆஷ்வில்லில் உள்ள ஹைலண்ட் மருத்துவமனைக்கு ஸெல்டா மாற்றப்பட்டார். கடும் உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு இன்சுலின் சிகிச்சையும் அங்கே தரப்பட்டது. அளவு மிகுந்த இன்சுலினால் இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி நோயாளியை நினைவிழக்கச் செய்து, பின் சர்க்கரை கொடுத்து எழுப்பும் முறை அது. நினைவாற்றலைச் சிதைக்கும் என்பதாலும் பயன் நிறுவப்படாததாலும் பின்னாளில் கைவிடப்பட்டது. ஸ்காட் 1937இல் ஹாலிவுட்டுக்குப் போனார். 1939 கியூபா பயணத்துக்குப் பின் இருவரும் சந்திக்கவேயில்லை. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. 1940 டிசம்பர் 21 அன்று ஸ்காட் மாரடைப்பால் இறந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மான்ட்கமரியில் தாய்வீடு திரும்பியிருந்த ஸெல்டா, நோய் மிகும்போது மட்டும் ஹைலண்டுக்குப் போய்வந்தார். 1948 மார்ச் 10 இரவு மருத்துவமனைச் சமையலறையில் பற்றிய தீ, உணவை மேல்தளங்களுக்கு ஏற்றும் சிறு லிஃப்டின் வழியே எல்லாத் தளங்களுக்கும் பரவியது. இறந்த ஒன்பது பெண்களில் ஸெல்டாவும் ஒருவர். வயது 47.

அவருடைய எழுத்து மீண்டு வந்தது மெதுவாக. ‘சேவ் மீ தி வால்ட்ஸ்’ 1967இல் மறுபதிப்பு கண்டது. நான்சி மில்ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1970இல் வெளிவந்தபின்தான் பெரும்பாலான வாசகர்கள் அவரைத் தனி ஆளுமையாக அறிந்தார்கள். 1991இல் அவருடைய தொகுக்கப்பட்ட படைப்புகள் ஒரே நூலாக வந்தபோது, கணவர் பெயரிலும் கூட்டுப் பெயரிலும் அச்சான கதைகள் அவர் பெயரின்கீழ் சேர்ந்தன. ஆசிரியர் பெயர் குறித்த தவறு அத்தோடு பெருமளவு திருத்தப்பட்டுவிட்டது.

திருத்த முடியாதது வேறொன்று. 1940க்குப் பின், தடை விதிக்க எவருமில்லாத ஆண்டுகளில், ஸெல்டா ‘சீஸர்ஸ் திங்ஸ்’ என்ற இரண்டாவது நாவலைத் தொடங்கினார். தென்மாநிலச் சிறுமிப் பருவம், ஓவியக் கணவர், பிரான்ஸ், ஒரு விமானப்படை வீரன்மேல் கொண்ட காதல் என்று, 1932இல் பாதியில் வெட்டப்பட்ட அதே பொருளுக்கே திரும்பிச் சென்றார். நோயும் மதத் தீவிரமும் இடையிடையே உடைத்துப்போட்ட அந்தப் பிரதி முடிவுறாமலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.